கட்டியவன் பெயர் எங்கே?

மன்னர்களின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பவனே வரலாறு அறிந்தவன் என்று போற்றும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுநாளாக உண்டு. எந்த வேந்தன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்தக் களத்தில் எவனை வென்றான், எத்தனை ஊர்களை எவர்க்குத் தானமாக ஈந்தான் என்பதையெல்லாம் மாணவன் மனப்பாடம் செய்கிறான், தேர்வில் எழுதுகிறான், எழுதிய அன்றே மறக்கிறான். அந்த வேந்தன் உண்ட சோற்றுக்கு உழுதவன் யார்? அவன் தேவி அணிந்த வளையலை அறுத்தெடுத்தவன் யார்? அரண்மனைக்குச் செங்கல் சுமந்தவள் யார்? இப்படிக் கேட்கும் மாணவனுக்கு, “அதெல்லாம் பாடத்தில் இல்லை, உட்கார்” என்பதே விடை.

பாடத்தில் இல்லைதான். ஆனால் மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணைப் பார்க்கக் கீழடி வரை போக வேண்டும் என்பதுகூட இல்லை. விருதுநகர் மாவட்டத்து இளைஞர்கள் தங்கள் ஊருக்கு அருகிலேயே பார்க்கலாம்.

சிவகாசியிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் இருபுறமும் கரிசல் காடு. அந்தக் காட்டுக்கு நடுவே ஒன்றுக்கொன்று ஒட்டாமல் விலகி விலகி நிற்கும் சிறு சிறு அறைகள். அவை பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அவற்றைக் கடந்து சென்றால் வெம்பக்கோட்டை. அதை அடுத்து விஜயகரிசல்குளம். அவ்வூரை ஒட்டி, வைப்பாற்றங்கரையில், ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் ஒரு மண்மேடு. ஊரார் அதற்கு வைத்த பெயர் மேட்டுக்காடு.

கோட்டையும் கொத்தளமும் காணலாம் என்று எண்ணி அங்கே செல்பவர் ஏமாந்து திரும்புவார். வானளாவிய கோபுரமும் இல்லை, வாளேந்திய சிலையும் இல்லை. சற்றே உயர்ந்த நிலம். அதில் அளந்து வெட்டிய சதுரக் குழிகள். காலடியில் கறுப்பும் சிவப்புமாய்ச் சிதறிக் கிடக்கும் பானை ஓடுகள். இவ்வளவே. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2022 மார்ச்சு 16-ஆம் நாள் அங்கே அகழாய்வைத் தொடங்கிற்று. 2023-இல் இரண்டாம் கட்டமும் 2024-இல் மூன்றாம் கட்டமும் நடைபெற்றன. முதற்கட்டத்திலேயே 3,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன.

என்னென்ன பொருள்கள்? நுண்கற்கருவிகள் கிடைத்தன, உலோகத்தை அறியாத காலத்திலேயே அவ்வாற்றங்கரையில் மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அவை சான்று. கண்ணாடி மணிகள் கிடைத்தன. பச்சையும் நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, குண்டூசித் தலை அளவினவும் உண்டு. நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன. சுடுமண் பதுமைகள் கிடைத்தன. திமிலுடைய காளையின் உருவம் செதுக்கிய சூதுபவளக் கல் கிடைத்தது. சிறு பொன்னணிகள் கிடைத்தன. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் கிடைத்தன; இன்றும் நம் தெருக்களில் சிறுமியர் கட்டம் கிழித்து, ஒற்றைக் காலில் நொண்டி, எறிந்து விளையாடுகிறார்களே, அதே சில்லு. எல்லாவற்றிற்கும் மேலாகச் சங்கு வளையல்கள் கிடைத்தன. முழுமையானவை சில, உடைந்தவை பல. அணிந்தவள் கையில் உடைந்த வளையல்கள் மட்டும் இவை என்று கொள்ள முடியாத அளவுக்கு மிகுதி. சங்கை அறுத்து வளையல் செய்த தொழிற்கூடம் அங்கே இருந்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சங்கு வைப்பாற்றில் விளைவதில்லை. அது மன்னார் வளைகுடாவின் கடலடியில் கிடைப்பது. மூச்சடக்கி மூழ்கி ஒருவன் அதை எடுத்திருக்க வேண்டும். கரையிலிருந்து இத்தனை கல் தொலைவு ஒருவன் சுமந்து வந்திருக்க வேண்டும். கல்லினும் கடிய அந்தச் சங்கை வாளால் வட்டம் வட்டமாக ஒருவன் அறுத்திருக்க வேண்டும்; அறுத்ததை ஒருத்தி உள்ளும் புறமும் தேய்த்திருக்க வேண்டும். சூதுபவளமோ குசராத்துப் பகுதியிலிருந்து வணிகர் கைமாறி வருவது. ஆகவே ஓர் ஊர், ஒரு தொழில், அதைச் சூழ்ந்த ஒரு வாணிபம், அதில் உழைத்த நூற்றுக்கணக்கான கைகள் என்று அந்த மண்மேடு ஒரு நூலாகவே விரிகிறது. அந்தக் கைகளுக்கு உரியவர் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இந்தப் பெயரற்றவர்களின் கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றாலும் இதே கதையைக் காணலாம்.

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ என்றொரு மாநிலம் உண்டு. நம் கரிசல் சீமையைப் போலவே மழை மறைவுப் பூமி. அங்கே கல்லாலும் மண்ணாலும் அடுக்கடுக்காக வீடு கட்டி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, ஊராக வாழ்ந்த மக்கள் ஸ்பானியர் வருமுன்பே பல நூற்றாண்டுகளாக இருந்தனர். ‘பியூப்லோ’ என்று அவர்களை உலகம் அழைக்கிறது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ஊர் என்றே பொருள். மாடி வீடுகள் நிறைந்த ஊர்களைக் கண்டு ஸ்பானியர் வைத்த பெயர் அது. சாக்கோ என்னும் பள்ளத்தாக்கில் அவர்கள் கட்டிய ‘பியூப்லோ போனிட்டோ’ ஒரே கட்டடம். ஆனால் அதில் அறைகள் நூற்றுக்கணக்கில். கி.பி. 850 அளவில் தொடங்கி ஏறத்தாழ 300 ஆண்டுகள் அங்கே வாழ்வு நடந்தது. தொலைவில் மெக்சிகோவிலிருந்து வந்த வண்ணக் கிளிகளின் எலும்புகளும், கொக்கோ பருகிய கலங்களும் அங்கே கிடைத்தன.

வட அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர் 19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய கட்டடங்களைக் கண்டபோது என்ன சொன்னார்கள்? “இந்தப் பழங்குடிகளின் முன்னோரா இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டியிருப்பார்கள்? இருக்க முடியாது! மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசினர் வந்து கட்டியிருப்பார்கள்” என்று தாமே முடிவு கட்டினார்கள். ‘அஸ்டெக் இடிபாடுகள்’ என்று ஓர் இடத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அஸ்டெக்குகளுக்கும் அவ்விடத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஆய்வு காட்டிய பிறகும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டியவன் ஒருவன், பெயர் பெற்றவன் மற்றொருவன்.

இதைவிடக் கொடிய வேடிக்கையும் உண்டு. ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ‘குவாவா’ என்றொரு பியூப்லோ ஊர் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1540-இல் கொரோனாடோ என்னும் ஸ்பானியத் தளபதி பொன் தேடிப் படையோடு வந்தான். பொன் கிடைக்கவில்லை. குளிருக்கு உடையும் பசிக்கு உணவும் அம்மக்களிடமே பறித்தான், எதிர்த்தபோது போர் தொடுத்தான், ஊர்கள் எரிந்தன. 1930-களில் குவாவாவை அகழ்ந்தவர்கள் கொரோனாடோவின் பாசறையைக் காணலாம் என்ற ஆவலோடு தோண்டினர். கிடைத்ததோ அம்மக்களின் வீடுகள். ‘கிவா’ எனப்படும் நிலத்தடி மன்றங்கள். ஒரு மன்றத்தின் சுவரில் பூச்சுக்கு மேல் பூச்சாக அடுக்கடுக்காய் அமைந்த ஓவியங்கள். இத்தனையும் கிடைத்த பிறகு 1940-இல் அவ்விடத்தை நினைவகமாகத் திறந்தபோது யார் பெயரைச் சூட்டினார்கள்? கொரோனாடோவின் பெயரை! படை வந்து 400 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட அது ஒரு வாய்ப்பாயிற்று. ஊரைக் கட்டியவன் பெயர் மறைந்து, ஊரைச் சூறையாடியவன் பெயர் வாயிற்பலகையில் ஏறியது.

அம்மக்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. 1675-இல் அவர்களுள் 47 பேரைப் பில்லிசூனியம் செய்பவர்கள் என்று குற்றஞ்சாட்டிப் பிடித்தனர் ஸ்பானிய ஆட்சியாளர், சிலரைத் தூக்கிலிட்டனர், எஞ்சியோரைச் சவுக்கால் அடித்தனர். சவுக்கடி பட்டவர்களுள் ஒருவர் போப்பே. ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சொல் அனுப்பி, மொழி வேறுபட்ட மக்களை அவர் ஒன்று திரட்டினார். எழுத்தோலை இல்லை, முடிச்சிட்ட கயிறுகளை ஓட்டக்காரர் கையில் கொடுத்தனுப்பினார். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளே எழுச்சி நாள். 1680 ஆகஸ்டில் ஊர்கள் ஒரே வேளையில் எழுந்தன. ஆதிக்கம் ஓடிற்று. 12 ஆண்டுகள் அந்நிலத்தில் அன்னியன் திரும்ப முடியவில்லை. அந்தப் போப்பேயின் சிலை 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இடம்பெற்றது.

அமெரிக்க வெள்ளையரை நோக்கி நகைப்பது எளிது. நம் வீட்டையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டாவா?

மதுரையைச் சுற்றியுள்ள மலைக் குகைகளில் வழவழப்பாக வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. சமணத் துறவியர் தங்குவதற்காக 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்து கொடுத்தவை. செய்து கொடுத்தவர் யார் என்பதும் சில இடங்களில் அங்கேயே தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவும் இருக்கிறது. கல்லிலே பெயர் வெட்டிக் கண் முன்னே வைத்திருந்தும், ஊரார் அவற்றை என்னவென்று அழைத்தனர்? ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று! அத்தினாபுரத்து இளவரசர்கள் பாண்டி நாட்டுப் பாறையில் வந்து படுத்தார்களாம். பெருங்கற்காலத்து மக்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த குழிகளுக்கோ ‘பாண்டவர் குழி’ என்று பெயர். கல்லை வெட்டியவன் தமிழன். கூலி கொடுத்தவன் தமிழ் வணிகன். குழியில் உறங்குபவன் நம் முன்னோன். பெயர் மட்டும் கதைமாந்தனுக்கு! அஸ்டெக் இடிபாடுகளுக்கும் பஞ்சபாண்டவர் படுக்கைக்கும் என்ன வேறுபாடு? அங்கே ஆண்டவன் வைத்த பெயர்; இங்கே நம் வாயாலேயே நாம் வைத்துக்கொண்ட பெயர். அதுதான் வேறுபாடு.

முதுமக்கள் தாழியைப் பற்றி வழங்கும் கதையும் இத்தகையதே. “அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே வராது; கிழடு தட்டிச் சுருங்கிப் போனவரைத் தாழிக்குள் உட்கார்த்தி, விளக்கும் சோறும் வைத்து மூடிவிடுவார்கள்” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாழியைத் திறந்து பார்த்த ஆய்வாளர் கண்டது என்ன? குழந்தையின் எலும்பும் இளைஞனின் எலும்பும் தாழிகளில் உள்ளன. இறந்தபின் எலும்பைப் பொறுக்கிச் சேர்த்து அடக்கம் செய்த முறையும் தெரிகிறது. சாவில்லாதவர் எவரும் வாழ்ந்ததில்லை. சாவைக் கண்டு அழுது, மறவாமல் இருக்கப் பொருள் வைத்துப் புதைத்த மனிதரே வாழ்ந்தனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் விருதுநகர் மண்ணில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 சூலை 27-இல் அவ்வூரில் உண்ணாநோன்பு தொடங்கி, அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1967 சூலை 18-இல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது; 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடப்புக்கு வந்தது. ஒரு நிலத்துக்கு அதன் மக்கள் வைக்கும் பெயர், அந்நிலம் எவருடையது என்பதன் அறிவிப்பு. பியூப்லோ மக்களின் முன்னோரை ஆய்வாளர்கள் நெடுங்காலம் ‘அனசாசி’ என்று எழுதினர். அது அண்டை இனமான நவாகோ மக்களின் சொல். பழம்பகைவரின் முன்னோர் என்பது போன்ற பொருள் அதற்கு உண்டு. “எங்கள் பாட்டனைப் பிறன் வைத்த பெயரால் அழையாதீர்” என்று பியூப்லோ மக்கள் வற்புறுத்தினர். இன்று ஆய்வு நூல்கள் ‘முன்னோர் பியூப்லோ’ என்றே எழுதுகின்றன. அந்த ஒரு சொல்லோடு மற்றொரு பொய்யும் மடிந்தது. சாக்கோவையும் மேசா வெர்டேயையும் கட்டியவர்கள் மாயமாய் மறைந்துபோன இனத்தார் என்பதே அப்பொய். அவர்கள் மறையவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீண்ட வறட்சி வந்தது. நீர் இருக்கும் இடம் நோக்கி நடந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் நியூ மெக்சிகோவில் 19 ஊர்களிலும், அரிசோனாவின் ஹோப்பி நிலத்திலும் இன்றும் வாழ்கிறார்கள்.

பெயரைப் பறித்தவர்கள் பொருளையும் பறித்தனர். 1891-இல் நார்டென்ஷெல்டு என்னும் சுவீடன் நாட்டு இளைஞர் மேசா வெர்டேயின் பாறை வீடுகளைத் தோண்டிப் பெட்டி பெட்டியாகக் கொண்டு சென்றார். தடுக்க அன்று சட்டமில்லை. அப்பொருள்கள் பின்லாந்து அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றுள் இருந்த முன்னோரின் எலும்புகளும் ஈமப் பொருள்களும் 2020-இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பின. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை 1876-இல் தோண்டிய ஜெர்மானியர் ஜாகரும் தாம் எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அமெரிக்கப் பழங்குடியினருக்கு 1990-இல் ஒரு சட்டம் கிடைத்தது. முன்னோரின் எலும்புகளை அருங்காட்சியகங்கள் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. அதன்படி 1999-இல் பெக்கோஸ் என்னும் ஊரின் ஏறத்தாழ 2,000 முன்னோரின் எலும்புகளை ஹார்வர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தந்தது. அவர்கள் கேட்டார்கள், பெற்றார்கள். நாம் கேட்கவும் கற்கவில்லை.

இனி, பழமை எப்படி உறுதியாகிறது என்பதையும் பகுத்தறிவாளர் தெரிந்துகொள்ள வேண்டும். “முன்னோர் சொன்னார்கள்” என்பது சான்றாகாது. “எனக்குப் பெருமையாக இருக்கிறது” என்பதும் சான்றாகாது. பியூப்லோ வீடுகளின் காலத்தைக் கண்டவர் டக்ளஸ் என்னும் வானியலறிஞர். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் இடுகிறது. மழை மிகுந்த ஆண்டில் அகன்ற வளையம், வறண்ட ஆண்டில் குறுகிய வளையம். ஒரே வட்டாரத்து மரங்களிலெல்லாம் அந்த வரிசை ஒத்திருக்கும். வாழும் மரத்திலிருந்து தொடங்கிப் பழைய உத்தரங்களின் வளையங்களோடு பொருத்திப் பொருத்திப் பின்னோக்கிச் சென்றார் அவர். 1929-இல் அரிசோனாவில் கிடைத்த கருகிய ஓர் உத்தரத் துண்டு, விட்டுப்போன இடைவெளியை நிரப்பிற்று. அன்று முதல், எந்த உத்தரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்பதைக்கூடச் சொல்ல முடிந்தது. பின்னர் 1940-களின் இறுதியில் லிபி என்பார் கரியைக் கொண்டு காலம் காணும் முறையைக் கண்டு 1960-இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையால்தான் கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 அளவைச் சார்ந்தது என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று கணித்தது. பானை ஓட்டில் ‘ஆதன்’ என்றும் ‘குவிரன் ஆத’ என்றும் கீறிய எழுத்துக்கள் நம் கைக்கு வந்தன. தன் பானையைத் தன்னது என்று அறிய ஒருவன் கீறி வைத்த பெயர் அது!

கீழடியின் முதலிரு கட்ட ஆய்வை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 சனவரியில் 982 பக்க அறிக்கை அளித்தார். 2025-இல் அதைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. தம் முடிவுகள் சான்றுகளின் மேல் நிற்பவை என்று அவர் மறுத்துரைத்தார். முடிவு தவறு என்றால் மண்ணடுக்கைக் காட்டி மறுக்கட்டும், கணிப்பைக் காட்டி மறுக்கட்டும், அதுவே அறிவியல். அறிக்கையை அச்சேற்றாமல் காலம் கடத்துவது மறுப்பாகாது.

அதே அளவுகோலை நாம் நமக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஓடு கிடைத்தவுடன் “உலகின் முதல் நாகரிகம் நம்முடையதே” என்று மேடையில் முழங்குபவனும், இமயத்திலிருந்து பறந்து வந்த முனிவன் தமிழ் தந்தான் என்பவனும் ஒரே தராசின் இரு தட்டுகள். இருவரும் சான்றுக்குக் காத்திருப்பதில்லை. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டு வரை செல்வதாக 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மகிழ்வோம், மேலும் இடங்களில் தோண்டி, மேலும் ஆய்வகங்களில் சோதித்து, அயல்நாட்டு அறிஞரின் கேள்விகளுக்கு விடை சொல்லி, அதன்பின் நிலைநாட்டுவோம். பெருமிதத்துக்கு அவசரம் உண்டு, உண்மைக்கு அவசரமில்லை.

இன்னொரு நோயும் பரவுகிறது. தாழி கிடைத்தால் “அது எம் குலத்தாருடையது” என்றொரு கூட்டம்; மணி கிடைத்தால் “அது எம் குலத்தாருடையது” என்று மற்றொரு கூட்டம். சங்கு வளையல் தன்னை அணிந்தவளின் சாதியைச் சொல்வதில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது பொய். சாதி என்ன செய்யும் என்பதை அறிய இந்த மாவட்டம் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. கோயிலுக்குள் நுழையும் உரிமை குறித்து மூண்ட பகையில் 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. மேலே நடப்பவன் தெருவில் சமமாக நடக்க முடியாதபோது, கீழே கிடப்பவன் மட்டும் பொதுச் சொத்து என்று பாடுவதில் என்ன பொருள்?

இங்கேதான் மேட்டுக்காட்டின் மண்ணும், அதைச் சூழ்ந்து நிற்கும் ஆலைகளும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். வானம் பொய்த்த பூமிக்கு அத்தொழில் வாழ்வளித்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. முதலீட்டாளர் பெயர்கள் நூல்களில் உள்ளன, இருக்க வேண்டியவையே. ஆனால் குச்சி அடுக்கியவர், கூடு ஒட்டியவர், சரம் பின்னியவர், மருந்து செலுத்தியவர் பெயர்கள் எந்த நூலில் உள்ளன? பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆலைக்குச் சென்ற காலம் நெடுங்காலம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, இடருள்ள தொழிலில் குழந்தையை அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் விரலில் எத்தனை வடு என்று எழுதிய ஏடு எங்கே? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு வெடிவிபத்து, மீண்டும் பல உயிர்கள். நாளேட்டில் எண்ணிக்கை வந்தது; இழப்பீட்டுத் தொகை வந்தது; மறுவாரம் வேறு செய்தி வந்தது. எண்களாக வந்தவர்கள் எண்களாகவே போனார்கள்.

சங்கு அறுத்தவனின் பெயர் தெரியவில்லை என்று வருந்துகிறோம். அவன் காலத்தில் அச்சு இல்லை, பள்ளி இல்லை, பதிவேடு இல்லை. நம் காலத்தில் அவை அனைத்தும் உள்ளன. சிவகாசியிலோ நாட்டுக்கே நாள்காட்டி அச்சடிக்கும் பொறிகள் உள்ளன. இருந்தும் சங்குசக்கரம் சுற்றியவளின் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை என்றால், குற்றம் காலத்தின் மேல் இல்லை, நம் மேல்தான்.

ஆகவே, விருதுநகர் மாவட்டத்து இளைஞர்களே, செய்வதற்கு வேலை இருக்கிறது. மேட்டுக்காட்டுக்குச் செல்லுங்கள், தம்பி தங்கையரையும் அழைத்துச் செல்லுங்கள். ஓர் ஓட்டையும் நினைவுப் பொருளென்று எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த ஓடு, ஏட்டிலிருந்து கிழிந்த பக்கம். உங்கள் ஊர்ப் புறத்தில் கருப்பு-சிவப்பு ஓடுகளோ, தாழியின் வாயோ, எழுத்துள்ள கல்லோ தென்பட்டால், கரம்பை அள்ளுவோரும் மண் வெட்டுவோரும் அழித்துவிடுமுன் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். ‘பாண்டவர் குழி’ என்று பாட்டி சொன்னால் சினவாதீர்கள்; அது யாருடைய குழி என்பதை அன்போடு விளக்குங்கள். ஊர்ப் பெயர், வயற்பெயர், குளத்துப் பெயர் இவற்றைத் தொகுத்து வையுங்கள்.

அதனோடு இன்னொரு குறிப்பேடும் வாங்குங்கள். உங்கள் தெருவில் தீப்பெட்டி ஒட்டிக் கண் மங்கிய மூதாட்டி இருப்பார். மருந்து அறையில் தீப்பட்டுக் கை இழந்தவர் இருப்பார். அவர்கள் அருகே அமர்ந்து, எந்த வயதில் வேலைக்குப் போனார்கள், நாளுக்கு என்ன கூலி வாங்கினார்கள், எவரை இழந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். அவர்கள் இசைந்தால் முதல் வரியில் பெயரை எழுதுங்கள். மேட்டுக்காட்டில் கிடைக்காத அந்த ஒன்று, அடுத்து வருவோருக்காவது கிடைக்கட்டும்.